புறப்பாடு வைத்த பெட்டி

அன்றைக்கு மதிவதனி, "அம்மா, எப்ப வருவ?" என்று கேட்கவில்லை.

பதினெட்டு நாளாக அவள் போனில் கேட்கிற முதல் கேள்வி அதுதான். அப்பன் கையிலிருந்து போனைப் பிடுங்கும்போதே கேட்டுக்கொண்டு வருவாள், கேட்டுவிட்டு அழுவாள், இந்தப் பக்கம் நீலாவதி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, இதோ வந்துடறேன் கண்ணு என்பாள். அன்றைக்கு அந்தப் பெண் பள்ளிக்கூடத்தில் ஒட்டிய ஸ்டிக்கரைப் பற்றிச் சொன்னாள், கடற்கரையில் சட்டை போட்ட நாய் ஒன்றைப் பார்த்ததாகச் சொன்னாள், பெரிய மனுஷி மாதிரி "சரிம்மா, வச்சுடறேன்" என்று சொல்லி வைத்தும் விட்டாள். செல்போன் காதில் சூடாக ஒட்டிக்கொண்டிருக்க, நீலாவதி அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள். பழகிவிட்டது, நல்லதுதானே, ஐந்து வயசுப் பிள்ளை எத்தனை நாளைக்குத்தான் அழும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பெற்ற வயிறு சமாதானத்துக்குக் கட்டுப்படுமா?

அவள் வீட்டுக்காரன் பாண்டியன் விருத்தாசலத்திலேயே செராமிக் டிப்ளமா படித்தவன். பியூஸ் கட்டையும் ஊறுகாய் ஜாடியும் சுடுகிற சூளைகளில் பத்து வருஷம் வெந்துவிட்டு, இரண்டாயிரத்து எட்டாம் வருஷத்துப் பொங்கலுக்கு முன்னால் ஆஸ்திரேலியாவில் கூரை ஓடு செய்கிற ஒரு தொழிற்சாலையில் வேலை வாங்கிவிட்டான். மெல்போர்ன் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டார்கள். சொல்வதற்கென்ன, வாய்க்கு வரியா போடப்போகிறார்கள்? வீடு கிடைத்தது மெல்போர்னிலிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் தள்ளி, கடலோரத்துப் புறநகர் ஒன்றில். அங்கேதான் வாடகை கட்டுப்படியானது. விடியும் முன்னே ரயிலேறிப் போய் இருட்டுகிற நேரத்துக்குத் திரும்புகிறவர்கள்தான் தெரு முழுக்க. பகலில் அந்தத் தெருவில் ஈ காக்கை இருக்காது என்று பாண்டியன் சொன்னான். இரண்டு படுக்கையறை, தரையெல்லாம் கம்பளம், சமையலறை ஜன்னலைத் திறந்தால் கடல் சத்தம். நீலாவதி கடலைப் பார்த்தது இரண்டே தடவை, இரண்டும் மாசிமகத்துக்கு. அந்த ஜன்னலை நினைத்துக்கொண்டே அவள் பல நாள் தூங்கிப்போயிருக்கிறாள்.

மூன்று பேருக்கும் ஒன்றாகத்தான் விசாவுக்குப் போட்டார்கள். நீலாவதியின் நெஞ்சு எக்ஸ்ரேயில் ஒரு நிழல் விழுந்தது. ஆறு வருஷமாகப் பொம்மைப் பட்டறையில், அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மைகளுக்கு ஓரம் தேய்த்து வழவழப்பாக்குகிற வேலை பார்த்தவள். மண்தூசி குடித்த நெஞ்சு. பழைய தழும்பாகத்தான் இருக்கும், இருந்தாலும் சளியைச் சோதித்துவிடலாம் என்று அவள் பேரை மட்டும் பிரித்து வைத்துவிட்டு மற்ற இரண்டு பேருக்கும் விசாவைக் கொடுத்துவிட்டார்கள். ஒரே வாரத்தில் உங்களுக்கும் வந்துவிடும் என்று சென்னை ஏஜென்ட் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னான். ஜனவரிக் கடைசியில் அங்கே பள்ளிக்கூடம் திறக்கிறது. ஒரு வாரம்தானே, பிள்ளை முன்னால் போகட்டும் என்று முடிவாயிற்று.

ஜோசியர் குறித்துக் கொடுத்தது தை பத்தாம் தேதி, வியாழக்கிழமை பத்தரைக்கு மேல். அதை விட்டால் நீலாவதிக்குப் பங்குனி வரைக்கும் பயணத்துக்கு நாள் இல்லை. இந்த மாதிரி இக்கட்டுக்கு விருத்தாசலத்தில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நல்ல நேரம் ஒரு நாளிலும் பயணம் இன்னொரு நாளிலும் வந்தால், போகிறவர் உடுத்திக் களைந்த துணி ஒன்றை மஞ்சள் துண்டோடு பெட்டியில் வைத்து, அந்த நல்ல நேரத்தில் வாசல் தாண்டி அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். ஆள் இங்கே சாப்பிட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டு இருந்தாலும் ஆள் கிளம்பியாயிற்று என்று அர்த்தம். பிறகு எந்நேரம் கிளம்பினாலும் குற்றமில்லை. பஞ்சாங்கத்தில் இதற்குப் பரஸ்தானம் என்று பேர். இவர்கள் தெருவில் புறப்பாடு வைக்கிறது என்பார்கள். பக்கத்து வீட்டு அமிர்தம் முறையைச் சொல்லிக்கொடுத்து, தன் வீட்டுச் சாவியையும் கொடுத்துவிட்டுப் பெண்ணாடத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டாள். நீலாவதி பட்டறைக்குக் கட்டிப்போய் அவிழ்த்துப் போட்ட ஊதாப் புடவையை, வெள்ளை மண் காய்ந்து விறைத்திருந்ததை அப்படியே சுருட்டிப் பெட்டியில் வைத்தாள். பத்தே முக்காலுக்கு அந்தப் பெட்டி அமிர்தம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். மத்தியானம் சென்னைக்குப் போக கார் வந்து, சாமான்களைத் தூக்கிப் பார்த்தபோது பாண்டியனுக்கு இன்னும் ஒரு பெட்டிக்கு எடை பாக்கி இருந்தது. சும்மா போகிற எடையை வீணாக்குவானேன் என்று நீலாவதிக்குத் தோன்றியது. வீட்டுக்காரி புத்தி அப்படித்தானே ஓடும். அவளே அமிர்தம் வீட்டுப் பூட்டைத் திறந்துவிட்டாள், பாண்டியன் போய் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். எப்படியும் வரப்போகிற பெட்டிதானே, நான் வரும்போது கை வீசிக்கிட்டு வரேன் என்றாள். கார் கிளம்பியதும் பின் கண்ணாடி வழியாக வதனியின் கை மட்டும் கொஞ்ச தூரம் தெரிந்தது.

ஒரு வாரம் என்ற ஏஜென்ட், அடுத்த வாரம் எட்டு வாரம் என்றான்.

மாசி பிறந்த பிறகு ஊரில் ஒரு மாற்றம் வந்தது. முதலில் பால்காரர். வாசலில் நின்றவளைப் பார்த்துவிட்டு, "எப்ப வந்தீங்க?" என்றார். எங்கே போனேன் வருவதற்கு என்று அவள் சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டு, பால் ஊற்றாமலே சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் பட்டறையில், ஆறு வருஷமாகக் கூட உட்கார்ந்து பொம்மை தேய்க்கிற மாரியம்மாள், கையிலிருந்த ஈரப் பஞ்சை வைத்துவிட்டு, எத்தனை நாள் லீவில் வந்திருக்கே என்று கேட்டாள். நேற்று இதே பலகையில்தான் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரே தூக்கிலிருந்து டீ குடித்தார்கள். நீலாவதி அதைச் சொன்னாள். மாரியம்மாள் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள், ஆமாமில்ல என்றாள், ஐந்து நிமிஷம் கழித்து, பாப்பாவ யாருகிட்ட விட்டுட்டு வந்தே என்று கேட்டாள். பழமலைநாதர் கோயில் வாசலில் பூக்காரி, ரயிலடியில் ஆட்டோக்காரர்கள், எல்லோருக்கும் அதே கேள்வி. எப்ப வந்தே? எப்ப வந்தீங்க? கேலி செய்கிறார்கள் என்று நினைக்க அவளுக்கு ஆசையாக இருந்தது, ஆனால் ஒருத்தர் முகத்திலும் கேலி இல்லை.

பாண்டியன் போன் பேசுவது இங்கே மத்தியானம் மூன்று மணிக்கு. அங்கே அப்போது எட்டரை. வேலையிலிருந்து வந்து, பிள்ளைக்குச் சாப்பாடு போட்டுவிட்டுக் கூப்பிடுவான். மூன்று மணி விருத்தாசலத்தில் செத்த நேரம். வெயில் தெருவில் படுத்துக்கிடக்கும், நாய்கள் சாக்கடை ஓரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கும், தெருக்கோடிச் சூளையின் உறுமல் மட்டும் தரை வழியாக ஏறிக் கால் கட்டைவிரலில் வந்து நிற்கும். அந்த உறுமலும், போனுக்குள்ளிருந்து வரும் கடலின் இரைச்சலும் சேர்ந்து, எது எந்தப் பக்கத்துச் சத்தம் என்று தெரியாமல் போகும். முதல் பத்து நாள் அவன் புலம்பித் தீர்த்தான். சோறு குழைகிறது, வதனிக்குத் தலை பின்ன வரவில்லை, அவள் பள்ளி விட்ட பிறகு ஒரு சிலோன் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போகவேண்டியிருக்கிறது. வீட்டுக்குள்ளே ஏதோ ஈரமண் வாடை வேறு. நம்ம பட்டறை வாடை மாதிரியே இருக்குது நீலா என்றான். கம்பளத்தில் காலையில் எழுந்தால் வெள்ளை வெள்ளையாகக் காலடி. பீச்சு மணலை வதனிதான் காலில் அப்பிக்கொண்டு வருகிறாள் என்று அவனே சமாதானமும் சொன்னான். மணல் வெள்ளையாக இருக்குமா என்று நீலாவதி கேட்டதற்கு, இந்த ஊர் மணல் எப்படி இருக்கும் என்று உனக்கு என்ன தெரியும் என்றான்.

பிறகு அவன் புலம்புவதை நிறுத்திவிட்டான்.

சோற்றைப் பற்றிப் பேச்சில்லை. தலை பின்னுவது யாரென்று கேட்டால், அதெல்லாம் ஆவுது என்றான். சிலோன் அம்மா வீட்டுக்கு இப்போது வதனி போவதில்லையாம். அப்படியென்றால் நாலு மணியிலிருந்து ஏழரை வரைக்கும் பிள்ளை யாரோடு இருக்கிறது? அவள் அதைக் கேட்ட தினம் கடல் இரைந்தது. பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது, நிதானமாக, ஒவ்வொரு தட்டாக, கழுவிக் கவிழ்க்கிற சத்தம். பாண்டியன் அவளோடு போனில் இருந்தான். வதனிக்குக் குழாய் எட்டாது.

"யாருங்க பாத்திரம் கழுவறது?"

"எங்க?" என்றான் அவன். சத்தம் நின்றுவிட்டது.

கார்டு போட்டுப் பேசுகிற வெளிநாட்டுப் போனில் நாம் பேசியது நமக்கே ஒரு கணம் கழித்துத் திரும்பி வரும். ஊரில் துபாய், சிங்கப்பூர் என்று ஆள் அனுப்பிய வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும், நீலாவதியும் பழகியிருந்தாள். சாப்பிட்டீங்களா என்று கேட்டால், சாப்பிட்டீங்களா என்று கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி அவள் குரலே வரும், அதற்குப் பின்னால்தான் பாண்டியன் குரல் வரும். மாசி கடைசியில் வதனிக்குக் காய்ச்சல். இரண்டு நாளாக நீலாவதிக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மூன்று மணிக்குப் போன் வந்ததும் முதல் வார்த்தையாக, "வதனிக்குக் காய்ச்சல் விட்டுதா?" என்று கேட்டாள்.

ஒரு கணம் கழித்து அவள் குரல் திரும்பி வந்தது. "விட்டுடுச்சு."

அவள் குரலேதான். அதே கரகரப்பு, அதே இழுப்பு. அதற்குப் பின்னால் பாண்டியன் சொன்னான், ஆமா ஆமா விட்டுடுச்சு, ராத்திரி பூரா ஈரத்துணி போட்டுக்கிட்டே உக்காந்திருந்த இல்ல, என்று. வெகு அன்பாகச் சொன்னான். யாரிடம் சொன்னான் என்று நீலாவதி கேட்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே அமிர்தத்திடம் போனாள். அமிர்தம் நடுவயசுக்காரி, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இட்லிக் கடை போட்டிருப்பவள், மாவை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவளும் வாயைத் திறந்து, எப்ப வந்தே என்று தொடங்கிவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். கிரைண்டரை அணைத்தாள். நீலாவதியை மேலும் கீழும் பார்த்தாள். நீலாவதி ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

"பொட்டி எங்க?" என்றாள் அமிர்தம். "நான் கல்யாணத்துலேருந்து வந்தப்ப கூடத்துல பொட்டி இல்ல. நீ வந்து எடுத்துக்கிட்டன்னு நெனச்சேன்."

"அவுருதான் எடுத்துக்கிட்டுப் போயிட்டாருக்கா. நாந்தான் எடுக்கச் சொன்னேன்."

அமிர்தம் மாவுக் கையைக் கழுவவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "புறப்பாடு வச்ச பொட்டிய வச்சவதான் வந்து எடுக்கணும் நீலா. அப்பத்தான் ஆளும் அதுவும் ஒண்ணு சேரும். நீ இங்க நிக்கிற. உன் பேர்ல கெளம்புனது கடலத் தாண்டிடுச்சு."

"தாண்டுனா என்னக்கா?"

"கெளம்புனது எதுவும் போயி ஒரு வூட்டுக்குள்ள பூந்துக்கத்தான் பாக்கும்."

கூடத்தில் சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. என்ன செய்யலாம் என்று நீலாவதி கேட்டாள். பெட்டியைத் திரும்ப இந்த வாசலுக்கு வரவழைக்க வேண்டும், அதற்கு முன்னால் உள்ளே வைத்த துணி உள்ளேயே இருக்கிறதா என்று பார்க்கச் சொல் என்றாள் அமிர்தம். இருந்தால் பயமில்லை.

மறுநாள் மூன்று மணி. பாண்டியனிடம் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொன்னாள். எதற்கு, ஏன் என்று கேட்டான். சும்மா பாருங்க என்றாள். அவன் நடந்துபோகிற சத்தம் வந்தது. அலமாரிக் கதவு. ஜிப் இழுபடுகிற சத்தம், நீளமாக. இங்கே சூளை உறுமியது. தெருவில் ஒரு ஜீவன் இல்லை.

"காலியா இருக்குது," என்றான். "உள்ள ஈரமா இருக்குது."

"புடவை எங்கங்க? என் ஊதாப் புடவை?"

பாண்டியன் சிரித்தான். கல்யாணமான புதிதில் சிரிப்பானே, அந்தச் சிரிப்பு. "இடுப்புல கட்டிக்கிட்டு நின்னுக்கிட்டு என்னையக் கேக்குறியே."

அப்புறம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அவனுடையது ஒன்று. அதற்குப் பக்கத்தில், போன் வாய்க்கு வெகு அருகில், இன்னொன்று. நீலாவதி மூச்சை அடக்கினாள். அந்த இன்னொன்று நிற்கவில்லை.

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் போன் வரவில்லை. இவள் கூப்பிட்டால் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ஒரு தடவை பாண்டியன் எடுத்து, இங்கிலீஷில் யார் வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டான். நான்தாங்க, நீலா என்றாள். ராங் நம்பர் என்று வைத்துவிட்டான். நீலாவதி அழுதாள், அடித்துக்கொண்டாள், கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்க் குறையைச் சீட்டில் எழுதிப் பிராது கட்டிவிட்டு வந்தாள். பட்டறைக்குப் போனால் அவள் பலகையில் வேறு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளை விரட்டவில்லை. விருந்தாளிக்குப் போடுகிற மாதிரி ஒரு முக்காலியைப் போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, எப்போது திரும்பிப் போகிறாய் என்று விசாரித்தார்கள்.

பதின்மூன்றாம் நாள் மத்தியானம், மணி இரண்டுகூட ஆகவில்லை, போன் அடித்தது. எடுத்தாள். யாரும் பேசவில்லை. பிறகு வதனியின் குரல், உதட்டுக்குள்ளேயே.

"நீ போன்ல இருக்கிற அம்மாதானே?"

"ஆமா கண்ணு. அம்மாதான். அப்பா எங்க?"

அப்பா இன்னும் ரயிலில் வந்துகொண்டிருக்கிறார் என்றாள் பிள்ளை. மிச்சத்தை விட்டு விட்டுச் சொன்னாள், நடுநடுவே நிறுத்தி, வீட்டுக்குள் ஏதோ சத்தம் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டு. அது சமைக்கிறது, தலை பின்னுகிறது, கதை சொல்கிறது. சாப்பிடாது. தண்ணீர் கொடுத்தால் குடிக்காது, கையில் ஊற்றிக்கொண்டு முகத்தில், கழுத்தில், கையில் தடவிக்கொள்கிறது. தடவாவிட்டால் உடம்பு காய்ந்து வெடித்துவிடுமாம். இப்போது எங்கே இருக்கிறது என்று நீலாவதி கேட்டாள். கடலுக்குப் போயிருக்குது, தண்ணி எடுத்தார, என்றாள் பிள்ளை.

"என்னையும் தடவிக்கச் சொல்லுதும்மா. தெனமும் தடவி வுடுது." ஒரு விசும்பல். "எப்ப வருவ?"

பெற்றவளுக்கு அந்தக் கேள்வி எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டுமா? நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது, அந்த வெடிப்புக்குள்ளேயே ஒரு சந்தோஷமும் இருந்தது; பிள்ளைக்கு இன்னும் தன்னைத் தெரிகிறது. வந்துடறேன், அது தொட வந்தா தொட வுடாத, ஸ்கூல்ல யாருகிட்டயாவது சொல்லு, அந்த சிலோன் அம்மா வூட்டுக்கு ஓடு என்று மூச்சு விடாமல் சொன்னாள். எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தாள். பின்னால் ஒரு கதவு திறந்து, கம்பளத்தின் மேல் ஈரக் கால் பதிகிற சத்தம். சளக். சளக். போன் வைக்கப்பட்டது.

சாமி இருக்கத்தான் செய்கிறது என்று நினைக்கும்படி, மறு வாரமே விசா வந்தது. சளியில் ஒன்றுமில்லை, நிழல் வெறும் தழும்புதான். ஏஜென்ட் சனிக்கிழமை இரவு விமானத்துக்கு டிக்கெட்டும் போட்டுக் கொடுத்தான். நீலாவதி நல்ல நேரம் பார்க்கவில்லை, யாரையும் கேட்கவில்லை, ஒரு கைப்பையில் இரண்டு புடவையைத் திணித்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை மத்தியானம், பாஸ்போர்ட்டை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு ஜங்ஷன் ரோட்டில் கொளஞ்சி நடத்துகிற பிரௌசிங் சென்டருக்குப் போனாள். எக்ஸ்ரே காகிதங்களை அனுப்ப முன்பே அங்கே வந்திருக்கிறாள். பாண்டியனின் சாட் பெயர் அவரிடம் இருந்தது. போனில் குரலை நம்ப முடியவில்லை. கண்ணால் ஒரு தடவை பிள்ளையைப் பார்த்துவிட்டால் போதும், நாளை இந்நேரம் கிளம்பியிருப்போம் என்று இருந்தது அவளுக்கு.

தடுப்புப் பலகைக்குள் ஒரு நாற்காலி. கொளஞ்சி இயர்போனை மாட்டிவிட்டு, கேமராவைத் திருப்பிவிட்டு, எப்ப வந்தீங்க என்று கேட்டுவிட்டுத் தன் மேசைக்குப் போய்விட்டார். மின்விசிறி கிர்ரென்று சுற்றியது. ரொம்ப நேரம் திரை கறுப்பாகவே இருந்தது. பிறகு சதுரம் சதுரமாக ஒரு கூடம் வந்தது. பழுப்புக் கம்பளம். ஒரு சோபா. ஜன்னலுக்கு வெளியே மங்குகிற வெளிச்சம், அதற்குக் கீழே கோடு போட்ட மாதிரி கடல். பாண்டியன் சோபாவில் உட்கார்ந்திருந்தான். சதை போட்டு, நன்றாகத்தான் இருந்தான்.

"ஏங்க, விசா வந்துடுச்சு. நாளைக்குக் கெளம்பறேன்."

அவன் திரையை உற்றுப் பார்த்தான். "யாருக்கு விசா?"

"எனக்குத்தாங்க. என்னத் தெரியலையா?"

அவன் முகத்தில் சங்கடம் தெரிந்தது. ஊர்க்காரர் யாரோ, பேர்தான் ஞாபகம் வரவில்லை என்கிற சங்கடம். பக்கவாட்டில் திரும்பி யாரையோ கூப்பிட்டான். படம் உறைந்தது. மீண்டும் அசைந்தபோது சோபாவில் ஊதாப் புடவை இருந்தது. மடிப்பெல்லாம் வெள்ளைக் கறை. வதனி நடுவில். இறுக்கமாக இரட்டைப் பின்னல், நடுவகிடு ஒரு நூல்கூடப் பிசகாமல். முகம் கடைசியாகத்தான் வந்தது, கீழிருந்து மேலே, சதுரம் சதுரமாக. தாடை. வாய். மூக்கு.

தன் முகம். ஆனால் கோடு இல்லை. மூப்பு இல்லை. மச்சம் இல்லை. யாரோ ஓரம் தேய்த்துத் துடைத்து எடுத்த முகம்.

நீலாவதி பிள்ளையின் பேரைச் சொன்னாள். கத்தினாளா, முணுமுணுத்தாளா, அவளுக்கே தெரியவில்லை. வதனி நிமிர்ந்தாள். நேராகத் திரையைப் பார்த்தாள். கண் விரிந்தது. உதடு நடுங்கியது. தெரிந்துவிட்டது பிள்ளைக்கு. தெரிந்துவிட்டது.

அது குனிந்தது. பிள்ளையின் காதருகே.

"யாரு கண்ணு அது?"

நீலாவதியின் குரல். நீலாவதி வாயைத் திறக்கவே இல்லை.

வதனி அம்மாவைப் பார்த்தாள். தன் தோளில் கிடந்த அதன் கையைப் பார்த்தாள். மறுபடி அம்மாவைப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டியது. விழவில்லை.

"தெரியலம்மா."

பாண்டியன் சிரித்தான். அதுவும் சிரித்தது. என் தங்கம் என்று கொஞ்சியது. கட்டைவிரலாலும் இரண்டு விரலாலும் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளியது, தாய்மார்கள் கிள்ளுகிற மாதிரிதான், செல்லமாக.

கையை எடுத்தது.

கன்னத்தில் மூன்று பள்ளம். ஆழமாக. மூடாமல். சிவக்காமல். ரத்தம் கட்டாமல். வதனி வலிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை.

அது பக்கத்துக் கிண்ணத்தில் கட்டைவிரலை நனைத்தது. அவசரமில்லாமல், பொறுமையாக, அந்தப் பள்ளங்களை ஒவ்வொன்றாகத் தேய்த்து மூடியது. கன்னம் வழவழப்பாயிற்று. அந்தக் கன்னத்துக்கு மேலே இருந்த கண் மட்டும் நீலாவதியையே பார்த்துக்கொண்டிருந்தது; அந்த ஈர விரல் கன்னத்திலிருந்து கண்ணுக்கு ஏறி வரும்வரைக்கும் பார்த்தது, ஒரு தடவை இமைத்தது.